எழுபத்தைந்து காசு வாடிக்கையாளர்

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகிற வழியில் மங்கலம்பேட்டை. பேரூராட்சி. கடைத்தெருவில் பாய் கடையோ செட்டியார் கடையோ, எதன் முன்னாலும் ஷாம்பு, காபித்தூள், ஊறுகாய், சோப்புத்தூள் எல்லாம் சரம்சரமாகத் தொங்கும். தமிழ்நாட்டில் எந்த ஊரில்தான் தொங்கவில்லை என்பீர்கள். சரிதான். ஆனால் ஷாம்புச் சரத்தின் கதை இதே கடலூர் மாவட்டத்தில் தொடங்கியது. தொழில் தொடங்கத் துடிக்கிற நம் பக்கத்துப் பிள்ளைகளோ ஸ்டார்ட்அப் என்றதும் பெங்களூருவைத்தான் சொல்கிறார்கள்.

கடலூரில் மருந்துப் பொருள் தொழில் செய்தவர் சின்னிகிருஷ்ணன். அந்தக் காலத்தில் முகப்பவுடர் தகர டப்பாவில்தான் வரும். முழு டப்பா வாங்க வக்கிருப்பவருக்குத்தான் பவுடர். அவர் அதை நூறு கிராம், ஐம்பது கிராம், இருபது கிராம் என்று பிரித்துப் போட்டார். பேதி உப்பை ஐந்து கிராம் பாக்கெட்டில் அடைத்தார். கூலி வேலைக்குப் போகிறவரும் ரிக்‌ஷா இழுக்கிறவரும் வாங்கக்கூடியதாகத்தான் தன் சரக்கு இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம் என்று மகன் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஷாம்பு போன்ற திரவத்தையும் பாக்கெட்டில் அடைக்கலாம் என்று கண்டவரும் அவர்தான். ஆனால் ஒரு பொருளைச் செய்து முடித்ததும் மனசு அடுத்ததற்குத் தாவிவிடும். விற்பதில் அவருக்கு அத்தனை ருசி இருக்கவில்லை.

மாதச் சம்பளக்காரர் முதல் தேதியில் பாட்டில் வாங்குவார். களையெடுக்கவும் கரும்பு வெட்டவும் போகிறவர் கையில் அன்றைய கூலி அன்றைக்கு மட்டும்தான் இருக்கும். தலைக்குச் சீயக்காயோ அரப்போ போட்டுக்கொண்டிருந்த அந்த வீட்டுக்குள் ஷாம்பு போக வேண்டுமென்றால், ஒரு தலைமுழுக்குக்கு ஒரு விலை என்றுதான் போக முடியும். கடலூரில் உட்கார்ந்திருந்தவருக்கு இது தெரிந்தது. பம்பாயில் உட்கார்ந்திருந்த பெரிய கம்பெனிகளுக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

அப்பாவின் பாக்கெட்டை வியாபாரமாக்கியவர்கள் மகன்கள். குடும்பத்தின் வெல்வெட் ஷாம்பு எண்பதுகளில் பிரபலமாக இருந்தது. சகோதரர்களோடு கருத்து ஒத்துப்போகாமல் சி.கே.ரங்கநாதன் வெளியே வந்தார். 1983-ல் 15,000 ரூபாய் சேமிப்போடு கடலூரிலேயே தனியாக ஆரம்பித்தார். வீட்டுக்கும் அலுவலகத்துக்குமாக ஒரே இடம், மாத வாடகை 250. பட்டறைக்கு 300. பாக்கெட் அடைக்கும் இயந்திரம் 3,000 ரூபாய். அப்பா பெயரின் ஆங்கில எழுத்துகளிலிருந்து உருவான பெயர்தான் சிக். முதல் மாதம் 20,000 பாக்கெட் விற்றதாக அவரே சொல்கிறார். பாக்கெட் ஒன்று 75 காசு.

அடமானம் வைக்கச் சொத்து இல்லாத பையனுக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்கவில்லை. மூன்று வருஷம் கழித்துத்தான் முதல் கடன் கிடைத்தது, 25,000 ரூபாய். அதற்கும் காரணம் உண்டு. இந்த ஆளிடம் ஜாமீன் எதுவும் இல்லை, ஆனால் மற்ற சிறுதொழில்காரர்களைப்போல் இல்லாமல் வருமான வரி கட்டுகிறார் என்று வங்கி மேலாளர் மனுவில் எழுதி வைத்தாராம். வரி கட்டுவதே ஒரு சொத்தாக மாறிய இந்த இடத்தை நம்மூர்த் தொழிற்பயிற்சி வகுப்புகளில் ஏன் சொல்வதில்லை என்று தெரியவில்லை.

பிறகு வந்ததுதான் அவருடைய அசாத்தியமான யோசனை. எந்தக் கம்பெனியின் காலி ஷாம்பு பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் இலவசம். எதிராளியின் குப்பையைக் கொடுத்துத் தன் சரக்கை வாங்கிப்போகச் சொன்னார். ஜனங்கள் பழகியதும் விதியை மாற்றினார்: இனிமேல் சிக் காலி பாக்கெட்டுக்கு மட்டும்தான். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சமானது என்பது அவர் சொல்லும் கணக்கு. மல்லிகை, ரோஜா வாசனைகள் வந்தன. விளம்பரத்தில் நடிகை அமலா வந்தார். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூடப் பையன் ஒருவனை நிறுத்தி எல்லார் முன்னாலும் தலை அலசிவிட்டு, தொட்டுப் பாருங்கள் என்றார்கள். 1998-ல் நிறுவனத்தின் பெயர் கெவின்கேர் ஆனபோது கடலூர்ப் பட்டறைக் காலம் வெகுதூரம் பின்னால் போயிருந்தது.

இன்றைக்கு அன்றைய ரங்கநாதனின் வயதுப் பிள்ளை ஒருவர் மங்கலம்பேட்டையில் தொழில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். கையில் செல்போன் இருக்கிறது. 2020 ஜூலையில் வந்த உத்யம் பதிவை ஆதார் எண்ணை வைத்து, காசு கட்டாமல், உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடலாம். தின்பண்டம் என்றால் ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய் வரை உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருஷத்துக்கு நூறு ரூபாய் கட்டணம். 2015-ல் வந்த முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. பிரதமர் வேலை உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு போகலாம், கிராமப்புறமாக இருந்தால் மானியமும் கூடுதல். மாவட்டத் தொழில் மையத்துக்கு நடந்தால் மாநில அரசின் திட்டங்கள் தனி. புதிய யோசனை என்றால் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பின் டான்சீட் நிதி இருக்கிறது. அன்று மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய 25,000 ரூபாய் இன்று ஒரு நல்ல செல்போனின் விலை.

காகிதத்தில் இருப்பதெல்லாம் கவுண்ட்டரில் கிடைத்துவிடாது என்பது வங்கிக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும். 'திட்ட அறிக்கை கொண்டு வாங்க தம்பி', 'மேனேஜர் மாறிட்டாரு தம்பி' என்ற பதில்கள் ஒழியவில்லை. ஆனாலும் நாற்பது வருஷத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். கதவு திறந்துதான் இருக்கிறது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. இப்போது இந்தப் பக்கத்தில் தொடங்கப்படும் தொழில்களைப் பாருங்கள். மரச்செக்கு எண்ணெய், சிறுதானிய மாவு, நாட்டுச் சர்க்கரை, மிளகு போட்ட முந்திரி. நிலக்கடலையும் கரும்பும் முந்திரியும் விளைகிற மண், அதனால் சரக்குக்குப் பஞ்சமில்லை. விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. ரகங்கள் கடலைக்கும் முந்திரிக்கும் பெயர்போனவை. அழகான லேபிள், கண்ணாடி பாட்டில், இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ். வாங்குபவர் யார்? சென்னை அடுக்குமாடி, பெங்களூரு ஐடி குடும்பம், துபாயில் இருக்கும் சொந்தக்காரர். மூன்று தெரு தள்ளி ஆட்டிய அந்த எண்ணெய் மங்கலம்பேட்டை மளிகைக் கடையில் இருக்காது. அங்கே பாமாயில் பாக்கெட் இருக்கிறது, ஏனென்றால் ஊர் வாங்குவது அதைத்தான்.

அன்று கடலூர்க்காரர் கூலிக்காரரின் வீட்டுக்குப் பொருள் செய்தார். இன்று கூலிக்காரரின் ஊரிலிருந்து வசதியான வீட்டுக்குப் பொருள் போகிறது. திசை அப்படியே திரும்பிவிட்டது.

இந்தப் பிள்ளைகளைக் குறை சொல்லவும் முடியாது. உள்ளூர்க் கடைக்குச் சரக்குப் போட்டால் கடன்தான், அடுத்த வாரம் வசூலுக்குப் போனால் 'இன்னும் ஓடல தம்பி, எடுத்துக்கிட்டுப் போ' என்பார் கடைக்காரர். அந்தச் சரத்தில் இடம் பிடிக்க இப்போது பன்னாட்டு நிறுவனங்களின் லைன் வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டும், அவர்கள் தருகிற மார்ஜினைத் தர வேண்டும். நகரத்து வாடிக்கையாளரோ ஜிபேயில் முன்பணம் அனுப்பிவிடுகிறார். கையிலிருக்கும் ஐம்பதாயிரம் ஒரு மாதத்தில் இரண்டு சுற்று சுற்றி வருகிறது. முதல் குறைவாக உள்ளவன் எந்தப் பக்கம் போவான்?

அந்தப் பக்கத்திலும் பள்ளம் உண்டு. ஒரு கிலோ சரக்கைப் பார்சலில் அனுப்பும் செலவு லாபத்தைப் பாதி தின்றுவிடுகிறது. ஆன்லைன் சந்தைத் தளங்கள் கமிஷன் பிடிக்கின்றன. பொருள் கையில் வந்த பிறகு பணம் என்று ஏற்றுக்கொண்டால், வேண்டாம் என்று திருப்பியடிக்கிற பார்சலுக்கும் போகவர வண்டிச்சத்தம் நம்முடையதுதான். சாதாரண வியாபாரிக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் சரக்குக்கு ஜிஎஸ்டி பதிவு, ஆன்லைன் தளம் வழியாக வெளி மாநிலத்துக்கு விற்கத் தொடங்கினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். அதற்கும் மேல் விளம்பரம். ரீல்ஸ் ஓடாத மாதம் ஆர்டர் இல்லை, ஓட வைக்கக் காசு கட்ட வேண்டும். ரங்கநாதன் கட்டிய முந்நூறு ரூபாய்ப் பட்டறை வாடகை மாதத்துக்கு ஒரு தடவைதான்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நகரத்துக்குப் போகிற இந்த எண்ணெய், முந்திரிக்கு வாடிக்கையாளர் சில லட்சம் குடும்பங்கள். அதே லேபிளோடு நூறு பேர் அவர்கள் வாசலில் நிற்கிறார்கள். எந்தக் கண்ணாடி பாட்டில் எந்த ஊருடையது என்று வாங்குகிறவருக்கே மறந்துவிடும். அன்றாடக் கூலிக்கு வாழ்கிற வாடிக்கையாளரோ கோடிக்கணக்கில் இருக்கிறார், ஷாம்புக்குப் பிறகு அவரைத் தேடி நம் மாவட்டத்திலிருந்து யாரும் அந்த அளவுக்குப் போகவில்லை. செல்போன் கம்பெனிகள் போயின. ஒரு நாள் டேட்டா என்று விற்பது சின்னிகிருஷ்ணனின் பாக்கெட் கணக்கேதான்.

பாக்கெட் கொண்டுவந்த தொல்லையையும் மறைக்கக் கூடாது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய அந்த உறையை மறுசுழற்சிக்கு எடுக்க ஆளில்லை, வாய்க்காலில் கிடக்கிறது. எண்பதுகளில் காலி உறைக்கு ஒரு விலை வைத்துத் திரும்ப வாங்கிய திட்டம் இதே கடலூரில் நடந்தது. அது விற்பனைக்காகச் செய்த தந்திரம், சுற்றுச்சூழலுக்காக இல்லை. ஆனாலும் பதிலுக்கு ஏதாவது கிடைக்கும் என்றால் ஜனங்கள் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள் என்பது அப்போதே நிரூபணமாகிவிட்டது.

முந்திரிக்கே திரும்பி வருகிறேன். பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை இது முந்திரி பூமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்துச் சாய்த்த மரங்களுக்குப் பதிலாக நட்டவை இப்போது காய்ப்பில் இருக்கின்றன. உள்ளூர் விளைச்சல் போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்தும் கொட்டை வந்து இங்கே உடைபடுகிறது. தோட்டெண்ணெய் பட்டுக் கை கருத்துப்போன பெண்கள் தரம் பிரிக்கிறார்கள். முழுப் பருப்புக்கு நகரத்தில் பெயரும் பெட்டியும் உண்டு. உடைந்த பருப்பு இனிப்புக் கடைக்கு மொத்தமாகப் போகிறது. பிரித்தெடுத்த அந்தப் பெண் பொங்கலுக்குக் கடையில் கேட்டால், கடைக்காரர் டப்பாவிலிருந்து அள்ளி ஒரு தாளில் மடித்துத் தருவார்.

அதைச் சுத்தமாக வறுத்து, பெயரும் பதிவெண்ணும் போட்டு, பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் என்று யாராவது இந்தப் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் போட்டால் என்ன என்று முந்திரித் தொழிலில் இருக்கும் இளைஞர் ஒருவரிடம் கேட்டேன். மனக்கணக்காகவே போட்டுப் பார்த்தார். கடைக்காரர் பங்கு, பாக்கெட் செலவு, வண்டிச்சத்தம் எல்லாம் போக உள்ளே பத்து கிராம்கூட வைக்க முடியாது அண்ணே என்றார். ஒரு வீட்டுப் பாயசத்துக்கு எத்தனை கிராம் போடுகிறார்கள் என்று கேட்டேன். அதை அவர் கணக்குப் பார்த்ததில்லை.