சப்பாத்துத் தொழிலாளி சட்டம் இயற்றிய கதை

அமெரிக்காவை உருவாக்கியவர்கள் என்றால் வாஷிங்டன், ஜெபர்சன், பிராங்கிளின் என்ற பெயர்கள்தான் நம் நினைவுக்கு வரும். றோஜர் ஷேர்மனை அறிந்தவர்கள் குறைவு. ஆனால் 1774 ஆம் ஆண்டின் பிரித்தானியப் பொருள் புறக்கணிப்பு உடன்படிக்கை, 1776 ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம், அதன்பின் வந்த கூட்டரசு விதிகள், 1787 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு ஆகிய நான்கிலும் கையொப்பமிட்டவர் இவர் ஒருவரே.

1721 இல் மசாசூசெற்சில் பிறந்தார். தகப்பனிடம் சப்பாத்துத் தைக்கப் பழகினார். 1741 இல் தகப்பன் இறந்துவிட, 1743 இல் குடும்பம் கனெக்ரிக்கட்டின் நியூ மில்போர்ட்டுக்குக் குடிபெயர்ந்தது. பள்ளிக்கூடப் படிப்பு சொற்பம். கணிதத்தைத் தானாகவே கற்று 1745 இல் நில அளவையாளரானார். பஞ்சாங்கமும் கணித்து வெளியிட்டார். சட்டக் கல்லூரி வாசலை மிதிக்காமல், 1754 இல் சட்டத்தரணியானார். அடுத்த ஆண்டே சட்டசபை உறுப்பினர். பின்னர் நீதிபதி, யேல் கல்லூரியின் பொருளாளர், நியூ ஹேவன் மேயர் என்று பதவிகள் வரிசையாக வந்தன.

கணக்கு வேலை செய்யும் எனக்கு இவருடைய கடைக் கதைதான் பிடித்தது. சகோதரருடன் கடை நடத்திய காலத்தில் றோட் ஐலண்ட் போன்ற அயல் குடியேற்றங்கள் கண்டபடி நோட்டு அச்சடித்தன. நூறுக்குச் சாமானைக் கடனாகக் கொடுத்தவர், வருட முடிவில் நூறு என்று அச்சிட்ட, எழுபதுக்கும் பெறாத தாளை வாங்கவேண்டிய நிலை வந்தால் என்ன செய்வார்? கணக்கேட்டில் கடன் தீர்ந்துவிடும், கையில் நட்டம் நிற்கும். இது அநீதி என்று 1752 இல் புனைபெயரில் ஒரு பிரசுரம் எழுதினார். 35 ஆண்டுகளின் பின், மாநிலங்கள் நோட்டு வெளியிடுவதை அடியோடு தடுக்கும் பிரேரணையை ஜேம்ஸ் வில்சனுடன் சேர்ந்து கொண்டுவந்தார். அந்தத் தடை இன்றும் அரசியலமைப்பில் இருக்கிறது.

அவருடைய பெரிய வேலை 1787 இல் பிலடெல்பியாவில் நடந்தது. சனத்தொகைப்படியே ஆசனங்கள் வேண்டும் என்றன வேர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள். அப்படியானால் எங்கள் குரல் எடுபடாது என்றன டெலவேயர் போன்ற சிறியவை. தலையை எண்ணி மட்டும் முடிவெடுத்தால் சிறிய தொகையினருக்கு என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கீழ்ச்சபையில் சனத்தொகைப்படி, மேற்சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சமமான வாக்கு என்று ஷேர்மன் ஜூன் 11 இல் சொன்னார். அன்று எடுபடவில்லை. ஜூலை 16 இல் ஐந்துக்கு நான்கு என்று ஒரேயொரு வாக்கால் நிறைவேறியது. மசாசூசெற்ஸ் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. அதனால்தான் ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாழும் கலிபோர்னியாவுக்கும், 6 இலட்சத்தை எட்டாத வயோமிங்குக்கும் இன்றும் செனற்றில் இரண்டிரண்டு ஆசனங்கள்.

ஆனால் அதே ஏற்பாட்டில், வாக்குரிமையே இல்லாத அடிமைகள் ஐவரை மூவராக எண்ணித் தென் மாநிலங்களுக்கு ஆசனம் கூட்டப்பட்டது. அடிமை வியாபாரம் தமக்குப் பிடிக்காது என்று ஆகஸ்டில் சொன்ன ஷேர்மன், புதிய அரசு அமைவதற்கு எதிர்ப்புக் குறையவேண்டும் என்று அதை அப்படியே விடச் சொன்னார். அந்த விலையைக் கொடுத்தவர்கள் சபையில் இருந்தவர்கள் அல்லர்.

1789 இல் கீழ்ச்சபைக்கும் 1791 இல் செனற்றுக்கும் சென்றார். 1793 ஜூலை 23 இல் காலமானபோது செனற்றராகவும் நியூ ஹேவன் மேயராகவும் பதவியில் இருந்தார்.