வால்வின் மீது பழி

மாற்றலாகி ஊர் ஊராகச் செல்லும் நம்மவர் குடும்பங்கள் சிலவற்றில், தந்தையார் காலத்து வால்வு வானொலிப் பெட்டி இன்றும் உடன் வருகிறது. அது ஒரு நாள் ஓய்ந்துவிட்டால் "வால்வு போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961-இல் வால்வு உற்பத்தியைத் தொடங்கிய பின் உள்நாட்டு வால்வுகளே கடைகளில் கிடைத்து வந்தன. இன்றோ பழைய இருப்பைத் தேடித்தான் பெறவேண்டும். ஆகவே தீர்ப்புக்கு முன் விசாரணை தேவை.

வால்வினுள் இழை சூடேறியதும் எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, நேர்மின்வாய்த் தட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள கிரிட் அவ்வோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 1904-இல் பிளெமிங் அமைத்த முதல் வால்வு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விட்டது. ஆங்கிலேயர் இட்ட பெயர் அச்செயலைக் குறிக்கும். அமெரிக்கரோ வடிவத்தைக் கண்டு 'குழல்' என்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு முன்னதே பிடித்திருக்கிறது.

எல்லா வால்வுகளும் இருண்டிருந்தால் அஞ்சவேண்டாம். ஐரோப்பிய வால்வுகளில் பெயரின் முதலெழுத்தைப் பாருங்கள். 'இ' எனில் ஒவ்வொன்றின் இழைக்கும் 6.3 வோல்ட் தனித்தனியே செல்லும். ஒன்று அறுந்தால் அது மட்டுமே இருளும். 'யு' எனில் இழைகள் யாவும் சங்கிலிபோல் இணைந்து, ஒரே 100 மில்லியாம்பியர் மின்னோட்டத்தைப் பகிர்ந்துகொள்பவை. ஒன்று அறுந்தால் அனைத்தும் அணையும். மல்டிமீட்டரால் அறுந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடியின் உட்புறத்து வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தாலோ சோதனையே வேண்டாம், காற்றுப் புகுந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை. 'யு' வகைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் மின்மாற்றி இல்லை. உலோகச் சட்டமே வீட்டு மின்சாரத்தோடு நேராக இணைந்திருக்கும். தொட்டால் உயிருக்கு ஆபத்து. எவ்வகைப் பெட்டியாயினும், பிளக்கை எடுத்த பின்னும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கும். எனவே உட்புறச் சோதனைகளைத் தொழில் அறிந்தவரிடமே விடுக. என்ன கேட்கவேண்டும் என்பதை மட்டும் நாம் அறிந்திருப்போம்.

சில வேளைகளில் வால்வு ஒரேயடியாக ஓய்வதில்லை, தளர்கிறது. அப்போது உள்ளூர் நிலையம் கணீரென்று கேட்கும். இரவில் மத்திய அலையில் தொலைவிலிருந்து மெல்ல வந்துகொண்டிருந்த தமிழ்க் குரல்தான் முதலில் மறையும். வெளியூரில் வாழ்கிற நமக்கு அந்த இழப்பு சிறிதன்று. ஆயினும் ஏரியல் கம்பியை முதலில் பார்த்துவிடுங்கள்.

மிகுதியாக ஏமாற்றுவது ஒலியை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கடைசி வால்வு. தில்லியில் என் பெட்டியில் அதன் தட்டு செந்தணலாகச் சிவந்து வால்வு மடிந்தது. பழுது பார்ப்பவர் புதியது போட்டார்; அதுவும் ஒரு வாரத்தில் மடிந்தது. வேறொரு முதியவர் வால்வைத் தொடாமல், அதன் கிரிட்டில் உள்ள மின்னழுத்தத்தை அளந்தார். சட்டத்தோடு ஒப்பிட ஏறத்தாழ சுழியாக இருக்கவேண்டிய அது, நேர்மின்னாகப் பல வோல்ட் காட்டியது. முந்திய வால்வை இதனுடன் இணைக்கும் சிறு கண்டென்ஸரின் ஒரு காலைக் கழற்றியதும் அளவு சுழிக்கு இறங்கியது. கசிந்தது கண்டென்ஸர்! கழற்றிய பின்னும் மின்னழுத்தம் நீடித்திருந்தால் மட்டுமே வால்வைக் குறை கூறலாம் என்றார்.

சில ரூபாய் விலையுள்ள புதிய கண்டென்ஸர் வைத்தபின் போட்ட மூன்றாவது வால்வு இன்றுவரை சிவக்கவில்லை.