மாவு அரைக்கும் கடைக்குத் தனி மின்பலகை

மளிகையோடு இட்லி மாவும் அரைத்து விற்பது நம் உறுப்பினர்கள் பலருக்கு நல்ல துணைத்தொழிலாகிவிட்டது. டில்டிங் கிரைண்டர், ஃப்ரீசர், பாக்கெட் ஒட்டும் மிஷின் என்று முதலீட்டுக் கணக்கு எழுதும் நாம், மின்சாரம் என்று வரும்போது மட்டும் "பழைய போர்டிலிருந்து ஒரு லைன் இழுத்தால் போச்சு" என்று விட்டுவிடுகிறோம். தரையெல்லாம் தண்ணீர், பணியாளரின் கை எப்போதும் ஈரம், இரும்புச் சட்டத்தில் மோட்டார். இந்த இடத்துக்கு வீட்டுப் பிளக் போதாது. தனி மின்பலகை வேண்டும்.

முதலில் பளுவைக் கணக்கிடுவோம். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். 2 குதிரைத்திறன் மோட்டார் ஒருமுனை 230 வோல்ட்டில் ஓடும்போது ஏறக்குறைய 10 முதல் 12 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் அந்த நொடியில் இதுவே ஐந்தாறு மடங்கு. இதற்கு 16 ஆம்பியர் 'சி' வகை எம்.சி.பி.யும் 2.5 சதுர மி.மீ. செப்பு வயரும் பொருந்தும். தூரம் அதிகமானால் 4 சதுர மி.மீ. 'பி' வகையைப் போட்டால் கிளம்பும்போதே விழும். உடனே யாராவது "32 போடுங்க அண்ணாச்சி, விழாது" என்பார். விழாதுதான், அதற்குள் வயர் வெந்துவிடும். எம்.சி.பி. காப்பது வயரை; மோட்டாரைக் காப்பது ஸ்டார்ட்டரில் இருக்கும் ஓவர்லோடு ரிலே.

அந்த ஸ்டார்ட்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பல கடைகளில் கிரைண்டர் சாதாரண ஸ்விட்சில்தான் ஓடுகிறது. அரைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. ஸ்விட்சை அணைக்க மறந்து, பையன் கல்லுக்கடியில் கைவிட்டு மாவை வழிக்கிறான். கரண்ட் வருகிறது. பிறகு என்ன நடக்கும் என்று எழுத வேண்டியதில்லை. பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த ஸ்டார்ட்டரில் கரண்ட் போனதும் உள்ளே இருக்கும் கான்டாக்டர் விட்டுவிடும். கரண்ட் திரும்பினாலும் பச்சைப் பொத்தானை அழுத்தாமல் மோட்டார் சுற்றாது. கைக்கெட்டும் இடத்தில் காளான் வடிவச் சிவப்பு நிறுத்தப் பொத்தான் ஒன்றும் வைத்துவிட்டால், புடவைத் தலைப்போ துண்டோ சிக்கும்போது முழங்கையால் தட்டியே நிறுத்தலாம். இதில் சிக்கனம் பார்ப்பது நம் பார்வையில் பாவம்.

அடுத்தது ஆளைக் காக்கும் ஆர்.சி.சி.பி. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினால் இணைப்பைத் துண்டிக்கும் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். 100, 300 என்றும் கடைகளில் கிடைக்கும். அவை ஆளைக் காக்கப் போதாது. கடை முழுவதற்கும் ஒன்றே ஒன்று வைப்பதும் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கிரைண்டரைக் கழுவிய தண்ணீர் மோட்டாரில் இறங்கி ஆர்.சி.சி.பி. விழுந்தால், அதே இணைப்பில் உள்ள ஃப்ரீசரும் நின்றுவிடும். ஷட்டரை இழுத்துவிட்டுப் போனவருக்கு அது தெரியாது. காலையில் நாற்பது கிலோ மாவும் பொங்கிப் புளித்து, பால் பாக்கெட்டும் ஐஸ்கிரீமும் கெட்டுக் கிடக்கும். ஃப்ரீசருக்குத் தனி ஆர்.சி.சி.பி., தனி எம்.சி.பி. போட்டு, வெளியிலிருந்து பார்த்தாலே தெரியும்படி ஒரு சிறு விளக்கும் அதே லைனில் வைக்கலாம்.

எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலையே மோட்டார் உடம்பில் முடிச்சுப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் கிரைண்டர் உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும். பச்சை வயர் மோட்டார், ஃப்ரீசர் இரண்டிலிருந்தும் பலகைக்கு வந்து, அங்கிருந்து எர்த் குழிக்குப் போக வேண்டும். குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றவும் மறக்கக் கூடாது.

பெட்டியைத் தண்ணீர் தெறிக்காத சுவரில், மார்பு உயரத்தில், ஐ.பி. 65 தரத்தில் வைக்கலாம். வயர்கள் அடிப்பக்கமாக நுழையட்டும். மேலே துளையிட்டால் தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். எது எந்த எம்.சி.பி. என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். வேலையை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரிடம் கொடுத்து, பில்லும் இணைப்புப் படமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பளுவுக்கு மின்வாரியத்தில் விண்ணப்பிப்பதும் நம் பொறுப்பே.

மூன்று மாதம் ஓடியபின் மெயினை அணைத்து, திருகுகளை அவரையே ஒருமுறை இறுக்கச் சொல்ல வேண்டும். மோட்டார் அதிர்வில் தளர்ந்த திருகுதான் முதலில் கருகும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை நாமே அழுத்திப் பார்க்கலாம். விழாவிட்டால் உடனே மின்பணியாளரைக் கூப்பிட வேண்டும். ஃப்ரீசருடையதை அழுத்தினால் மட்டும், மறுபடி மேலே தூக்குமுன் ஐந்து நிமிடம் பொறுங்கள். கம்ப்ரசர் உடனே கிளம்பத் திணறும்.