நீராவிக் கப்பல்களில் நீராடல்

சோழநாட்டார்க்கு நீராடுதல் நாட்கடன்களுள் முதலாவது. ஆற்றில் நீர் ஓடுங்கால் ஆற்றிலும், ஆறு வற்றினாற் குளத்திலும், குளமும் வற்றினாற் கிணற்றடியிலும், மூழ்கியோ மொண்டோ குளித்தாலன்றி நம்மவர்க்குப் பொழுது விடிந்ததாகத் தோன்றுவதில்லை. பட்டுக்கோட்டைச் சீமை நெடுங்காலம் மழையையும் ஏரி குளங்களையுமே நம்பியிருந்தது. 1934-இல் மேட்டூர் அணையும் அதனோடு சேர்ந்த கல்லணைக் கால்வாயும் முற்றுப்பெற்ற பின்னரே காவிரி நீர் இப்பக்கத்து வயல்களை எட்டிற்று. அக்கால்வாயை ஊரார் 'புது ஆறு' என்று வழங்குவர்.

இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான் பல தலைமுறையாக மக்கள் நாகப்பட்டினம் சென்று கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போயினர். வயற்கூலிகள், கடைக்காரர், கணக்கெழுதுவோர், ஆசிரியர் எனப் பலதிறத்தாரும் அவருள் இருந்தனர். மலாயாத் தொழிற்சங்கங்களின் தலைவராய் விளங்கி 1949-இல் தூக்கிலிடப்பட்ட எஸ். ஏ. கணபதி, பட்டுக்கோட்டையை அடுத்த தம்பிக்கோட்டையிற் பிறந்து இளம்பருவத்திலேயே கடல் கடந்தவர். இவர்களெல்லாம் அக்கரையில் என்ன செய்தனர், என்ன பொருள் ஈட்டினர் என்பன பற்றி எழுதியவர் பலர். ஐந்து நாளும் எட்டு நாளும் கடல் நடுவே இருந்தபோது அவர்கள் எவ்வாறு குளித்தனர் என்று கேட்டவர் அரியர். கேள்வி மிகச் சிறியதெனத் தோன்றலாம். ஆயினும் ஒரு கப்பலில் யாருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை அதன் போஜனசாலையைக் காட்டிலும் அதன் குளியலறை ஐயமறக் காட்டும் என்பது நம் கருத்து.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனியார்க்காக 1926-இல் கிளாஸ்கோ நகரத்திற் கட்டப்பட்ட 'ரஜூலா' என்னும் கப்பலை நம் பக்கத்து முதியோர் பலரும் அறிவர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்பது அதன் வழி. எட்டாயிரத்துக்கு மேற்பட்ட டன் கொள்ளளவுடைய அக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்தது. அறையிற் படுப்போர் தொகை அதனுடன் ஒப்பிட மிகச் சிறிது. பிற்காலத்தில் டெக் பிரயாணிகளின் தொகையும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. ஒருவர் ஒரு முறை குளிக்க ஒரு தவலைத் தண்ணீர், அதாவது இருபது லிட்டர், போதுமென்று வைத்துக்கொள்வோம். நம் ஊர்க் கிணற்றடியில் இது சிக்கனமான குளியலே. ஐயாயிரம் பேருக்கு நாளொன்றுக்கு நூறு டன் நீர் வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு சேரும்வரை ஐந்து நாளென்றால் ஐந்நூறு டன். குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய நீர் இதிற் சேரவில்லை.

கடல்நீரைக் காய்ச்சி வடித்துக்கொள்ளலாகாதா என்று மாணாக்கர் கேட்கலாம். வடிக்கலாம்; அதற்கு விலை உண்டு. முப்பது பாகை வெப்பமுள்ள ஒரு கிலோ நீரை முழுவதும் ஆவியாக்க ஏறக்குறைய 610 கிலோ கலோரி வெப்பம் செல்லும். நல்ல நிலக்கரி ஒரு கிலோ எரிந்தால் 7,000 கிலோ கலோரி தரும். சிறிதும் வீணாகாது என்று கொண்டாலும் ஒரு கிலோ கரிக்குப் பதினொரு கிலோ நீருக்கு மேற் கிடைக்க வழியில்லை. நூறு டன் நீருக்கு ஒன்பது டன் கரி! ஓர் ஆவியின் வெப்பத்தால் அடுத்த கலத்து நீரைக் கொதிக்கச் செய்யும் பன்னிலை யந்திரங்களில் இச்செலவு குறையும். ஆயினும் குளியலுக்காகக் கரியெரிக்க எந்தக் கம்பெனியாரும் விரைந்து முன்வரவில்லை. தவிரவும், கப்பலில் நன்னீருக்கு முதலுரிமை பூண்டது மனிதரல்லர், கொதிகலம். கடல்நீர் அதனுட் சென்றால் உப்பும் சுண்ணாம்பும் தகடாகப் படிந்து குழாய்களைக் கெடுக்கும். ஆதலின் வடித்த நீரைப் பொறியாளர் தம் கண்ணைப் போலக் காத்தனர்.

இக்காரணங்களால், பழைய பெருங்கப்பல்களிற் குளியலென்றாற் கடல்நீர்க் குளியலென்றே பொருள். முதல் வகுப்பார்க்கும் அதுவே விதி. வேறுபாடு அக்கடல்நீர் எவ்விதம் கொடுக்கப்பட்டது என்பதிலே இருந்தது.

அறைப் பிரயாணிகளுட் பெரும்பாலார்க்குத் தனிக் குளியலறை இல்லை. நடைவழியின் ஓரத்தே பொதுவான அறைகள் சில இருக்கும். அவற்றிற்கென நியமிக்கப்பட்ட பணியாளர் ஒருவர் ஒவ்வொருவர்க்கும் நேரம் குறித்து, காலையில் வந்து கதவைத் தட்டி, "துரையவர்களே, குளியல் ஆயத்தம்" என்று அழைத்துப் போவார். பெரிய தொட்டியில் நீராவியாற் சூடேற்றிய கடல்நீர் நிறைந்திருக்கும். அதன்மேற் குறுக்கே இட்ட பலகையில் ஒரு சிறு பாத்திரத்தில் நன்னீர் வைக்கப்பட்டிருக்கும். கடல்நீரில் மூழ்கியெழுந்தபின் அந்நன்னீரால் உப்பைக் கழுவிக்கொள்ளல் வேண்டும். இம்முறை நமக்குப் புதிதன்று. இராமேசுவரத்தில் அக்கினி தீர்த்தமாகிய கடலில் மூழ்கியபின் கோயிலினுள் இருபத்திரண்டு தீர்த்தங்களில் நீராடுவோர் செய்வதும் அதுவே. ஆங்கு நன்னீர் வாளி வாளியாக வரும், கப்பலில் ஒரு பாத்திரத்தோடு நின்றுவிடும்.

கடல்நீரில் இத்தனை உபத்திரவம் ஏன்? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய முப்பத்தைந்து கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அதிராம்பட்டினத்து உப்பளங்களைக் கண்டவர், வெயிலிற் கடல்நீர் வற்றினால் என்ன மிஞ்சும் என்பதை அறிவர். கடல்நீரிற் குளித்துத் துவட்டாது நிற்பவன் உடம்பே ஒரு சிற்றுப்பளம். மேலும், அவ்வுப்புக்களுள் மக்னீசியம் சேர்ந்தவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையன. ஆகவே உடம்பு பிசுபிசுக்கும். கடல்நீரிற் பிழிந்த வேட்டி நாள் முழுதும் காய்ந்தும் காயாததாகவே இருக்கும்.

சவர்க்காரத்தின் சங்கதி இன்னும் விந்தையானது. கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் சவர்க்காரத்தோடு கூடிக் கரையாத கசடாகத் திரளும். அன்றியும், சவர்க்காரம் காய்ச்சுவோர் அதனை நீரினின்று பிரித்தெடுக்க உப்பையே இடுவது வழக்கம். உப்பிட்டாற் பிரிவது சவர்க்காரத்தின் குணமாயிருக்க, உப்புநீரில் அது கரையவேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்? 1888-ஆம் ஆண்டு பம்பாயினின்று இங்கிலாந்துக்குக் கப்பலேறிய காந்தியடிகள் இதனைத் தம் உடம்பிலேயே கண்டறிந்தார். கடல்நீரிற் சவர்க்காரம் கரையாது என்றிருந்தும், அதனைத் தேய்த்துக்கொள்வதே நாகரிகத்தின் அடையாளம் என்று கருதித் தேய்த்துக்கொண்டதாகவும், தோலிற் பிசுக்கேறிப் படர்தாமரை உண்டானதாகவும், இலண்டனில் டாக்டர் மேத்தா அதற்கு மருந்து கூறியதாகவும் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார்.

ஆயினும் ஒருவகைச் சவர்க்காரம் மட்டும் கடல்நீரிலும் நுரைக்கும். அது தேங்காயெண்ணெயிற் செய்தது. விலங்குக் கொழுப்பிலுள்ள அமிலங்களிற் பெரும்பாலானவை பதினாறும் பதினெட்டும் கரியணுக்கள் கோத்த நீண்ட சங்கிலிகள். தேங்காயெண்ணெயில் மிகுதியாயுள்ள லாரிக் அமிலமோ பன்னிரண்டு அணுக்களே கொண்ட குறுஞ்சங்கிலி. இக்குறுமையால் அதன் சவர்க்காரம் உப்புநீரிலும் ஓரளவு கரைந்து நிற்கும். கப்பற்காரர் வாங்கிய 'கடற் சவர்க்காரம்' இதுவே. பட்டுக்கோட்டைப் பக்கம் இன்று தென்னைக்குப் பெயர்பெற்ற நாடு. 2018-ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய கஜா புயல் இலட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தும் அப்பெயர் போகவில்லை. நம் தோப்புக்களில் விளையும் எண்ணெயே நடுக்கடலில் உதவும் சவர்க்காரத்தின் முதற்பொருள் என்பதை இரசாயன மாணாக்கர் கருதி மகிழலாம்.

மேல்நாட்டுப் பெருங்கப்பல்களில் மேல் வகுப்பார்க்கு நாளடைவில் வசதிகள் பெருகின. 1912-இல் மூழ்கிய 'டைட்டானிக்'கில் முதல் வகுப்பார்க்கு நீந்தும் குளமும் துருக்கி முறை வெந்நீராவி அறைகளும் இருந்தன. 1936-இல் ஓடத்தொடங்கிய 'குயின் மேரி'யின் முதல் வகுப்புக் குளியலறைகளில் நன்னீரும் கடல்நீரும் தனித்தனியே சூடாகவும் குளிர்ச்சியாகவும் வரக் குழாய்கள் அமைத்திருந்தனர். அதே 'டைட்டானிக்'கின் மூன்றாம் வகுப்பில் ஏறக்குறைய எழுநூறு பேர் பிரயாணம் செய்தனர். அவர்கள் அனைவர்க்கும் இருந்த குளியல் தொட்டிகள் இரண்டே. குடியேறப் போகும் ஏழைகள் அடிக்கடி குளிக்க விரும்பாதவர் என்று இதற்குச் சமாதானம் சொல்வாருண்டு. இரண்டு தொட்டிகளை எழுநூறு பேருக்கு வைத்துவிட்டு அவர்கள் விருப்பத்தைப் பற்றிப் பேசுவது முறையாகத் தோன்றவில்லை.

நாள்தோறும் குளித்தே பழகிய மக்களை ஆயிரக்கணக்கில் ஏற்றிச் சென்ற நம் கடற்கப்பல்களில் அச்சமாதானத்துக்கும் இடமில்லை. டெக் பிரயாணிக்கு அறையில்லை, கட்டிலில்லை. விரித்த பாயே அவர் வீடு. பெட்டியும் கூஜாவும் அதற்கு எல்லைக் கற்கள். வைகறையில் மாலுமிகள் தளத்தைக் கடல்நீர் பாய்ச்சிக் கழுவ வருகையில் அவ்வீட்டைச் சுருட்டிக்கொண்டு எழவேண்டும். 1931-இல் வகுக்கப்பட்ட சிம்லா விதிகள் முதலாகப் படுக்கையில்லாப் பிரயாணிகளை ஏற்றும் கப்பல்களுக்கென்று தனி விதிகள் ஏற்பட்டன. உயிர்காப்புப் படகுகளைப் பற்றியும், பின்னர் ஆளுக்கு இத்தனை இடமென்றும் அவை பேசின. குளியலைப் பொறுத்தவரை, குழாயில் ஏற்றிய கடல்நீரும், அதன் முன் நிற்கும் நீண்ட வரிசையுமே பொதுவாக இவர்களுக்குக் கிடைத்தவை. உப்பைக் கழுவப் பலகைமேல் நன்னீர்ப் பாத்திரம் வைப்பார் இல்லை. குடிக்கக் கிடைத்த நன்னீரிற் சிறிது மிச்சம் பிடித்தாலன்றி முகம் கழுவவும் அது கிட்டாது.

ஆடவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு எவ்விடத்தும் குளித்துவிடுவர். பெண்டிர் பாடு வேறு. நம் ஊர்ப் படித்துறையிற் பெண்களுக்கென ஒரு பக்கமும், அவர்கள் குளிக்கும் வேளையில் அப்பக்கம் போகக்கூடாதென்ற ஒழுக்கமும் உண்டு. கப்பல் தளத்தில் அவ்வொழுக்கத்தை நிலைநாட்டச் சுவர் வேண்டும், கதவு வேண்டும், தாழ் வேண்டும். உப்பேறிய நீண்ட கூந்தலை நன்னீரின்றி என் செய்வது? நனைந்த புடவையை எங்கே மாற்றுவது, எங்கே உலர்த்துவது? கடற்காய்ச்சலால் முதல் இரண்டு நாளும் வாந்தியெடுத்துக் கிடந்த ஒரு தாய், கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு, குளியாமலே பினாங்கு சேர நேர்ந்தால் அதனை அவள் சோம்பல் என்று கூற நமக்கு நாவெழாது. டெக் பிரயாணிகள் அசுத்தமானவர் என்று மேல் தளத்தார் கூறிய பழியில், நன்னீர்க் குழாய்களின் தொகை ஒருபோதும் சேர்த்து எண்ணப்படவில்லை.

அக்கரை சேர்ந்தவுடன் நீர் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் வேறு விதமாக. பினாங்குக்கு அருகே ஜெரெஜாக் தீவிலும், சிங்கப்பூரை அடுத்த செயின்ட் ஜான்ஸ் தீவிலும் தொற்றுநோய்த் தடுப்பு முகாம்கள் இருந்தன. டெக் பிரயாணிகளை ஆங்கே இறக்கி, குளிக்கச் செய்து, துணிகளை ஆவியிலிட்டு, சில நாள் நிறுத்திவைத்து அனுப்புவது வழக்கம். அறையில் வந்தவர் பெரும்பாலும் நேரே நகரத்துள் போயினர். ஊர் விட்டபின் நம்மவர் பலர் ஆர நீராடியது அதிகாரிகள் உத்தரவின்பேரில், வரிசையில் நின்று என்பது நினைக்கத்தக்கது.

'ரஜூலா' 1973-இல் இந்தியக் கப்பற் கழகத்தார்க்கு விற்கப்பட்டு, 'ரங்கத்' என்னும் பெயர் பெற்று, மறு ஆண்டு பம்பாயில் உடைக்கப்பட்டது. அவ்வழியிற் பின்னர் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பற்றிப் பலர் மாண்டனர். அதனோடு அந்தப் பிரயாணிக் கப்பற் போக்குவரத்தும் நின்றது. இக்காலத்துக் கப்பல்கள் பொறிகள் வெளிவிடும் வெப்பத்தைக் கொண்டே, காற்றழுத்தம் குறைத்த கலங்களிற் கடல்நீரைத் தாழ்ந்த வெப்பத்தில் ஆவியாக்கியோ, மெல்லிய சவ்வுகளின் வழியே மிக்க அழுத்தத்துடன் வடிகட்டியோ வேண்டிய நன்னீரைத் தாமே ஆக்கிக்கொள்கின்றன. 2023-இல் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே தொடங்கப்பட்ட பிரயாணிக் கப்பலிற் சில மணி நேரமே செல்லும். அதில் ஏறுவோர் காலையில் இக்கரையிற் குளித்துவிட்டுப் போய், வேண்டுமாயின் மாலையில் அக்கரைக் கிணற்றில் இன்னொரு முறை குளித்துக்கொள்ளலாம்.