தீ இல்லாத அடுப்பு

வீட்டுக்குப் புதுச் சாமான் ஒன்று வந்தால் முதலில் அதற்கு இடம் பார்க்க வேண்டும். பிறகு அதன் குணத்தைப் பார்த்துப் பழக வேண்டும். எங்கள் வீட்டுக்கு மைக்ரோவேவ் அடுப்பு வந்தது மகளின் தலைப்பொங்கல் முடிந்த மறுவாரம். மருமகன் வாங்கி வந்து, அடுக்களை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் வைத்தார். என் மாமியார் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தீ இல்லாம என்ன அடுப்பு மக்ளே? இதுல வெச்சா மீன்கறி மணக்குமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நாஞ்சில் நாட்டில் மீன்கறி என்றால் மண்சட்டிதான். கதம்பையும் கொதும்பும் எரித்த காலம் போய் காஸ் வந்த பிறகும் மண்சட்டி போகவில்லை. மாமியாரின் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் நான் இந்த அடுப்பைப் பற்றித் தெரிந்துகொண்டேன். நடுவில் ஒரு நாள் என் பேத்தியின் வாய் வெந்து போக இருந்தது. இளம் தாய்மார்களுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்றுதான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

சட்டைப் பையில் உருகிய மிட்டாய்

இரண்டாம் உலகப் போரின்போது எதிரி விமானங்களைத் தூரத்திலேயே கண்டுபிடிக்க ரேடார் கருவியைப் பயன்படுத்தினார்கள். அதற்கு அலைகளை உண்டாக்கித் தந்தது மாக்னட்ரான் என்ற குழல். 1945-ல் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் பெர்ஸி ஸ்பென்ஸர் என்பவர் அந்தக் குழலுக்கு அருகில் நின்றபோது, அவர் பையிலிருந்த மிட்டாய் உருகிவிட்டது. வேறொருவராக இருந்தால் சட்டை பாழாயிற்றே என்று அலுத்துக் கொண்டிருப்பார். அவரோ சோளத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். அது பொரிந்தது!

1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம். எடை சுமார் 340 கிலோ. மேடைமேல் வைக்கக்கூடிய சிறிய அடுப்பை 1967-ல் அமானா கம்பெனி கொண்டுவந்தது. அப்போது அதன் விலை 495 டாலர்.

இந்த அடுப்பு பாத்திரத்தைச் சூடாக்குவதில்லை. உணவிலுள்ள தண்ணீரைத்தான் பிடித்து உலுக்குகிறது. உள்ளே பாயும் அலை ஒரு நொடிக்கு 245 கோடி தடவை முன்னும் பின்னுமாக அதிர்கிறது. தண்ணீரின் நுண்துகள்கள் அதற்கு ஈடுகொடுத்துத் திரும்பப் பார்க்கின்றன. அந்த உராய்வில் சூடு பிறக்கிறது. "உள்ளேயிருந்து வேகும்" என்று பலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அலை உணவுக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான் போகும். அதற்கும் உள்ளே சூடு மெல்லத்தான் பரவ வேண்டும். அலை எல்லா இடத்திலும் சமமாக விழுவதுமில்லை. தட்டு சுற்றுவது அதனால்தான். நடுவில் ஒரு தடவை கிளறிவிட்டு, எடுத்த பிறகும் ஓரிரு நிமிஷம் அப்படியே விட்டால்தான் சூடு சமமாகும்.

மணவாளக்குறிச்சி மண்ணும் இந்த அடுப்பும்

"இதுல கதிர் வருமாமே, நம்ம கடற்கரை மண்ணு மாதிரி!" என்று பயந்தார் அடுத்த வீட்டு அக்கா. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தப் பயம் வருவது இயற்கை. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சிக்கு மணல் ஆலை வந்தது அதன் பிறகுதான். மோனசைட்டில் உள்ள தோரியம் இரவு பகல் எந்நேரமும் தானாகக் கதிர் வீசும். அதை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது.

மைக்ரோவேவ் அலை வேறு ஜாதி. வானொலி அலையின் இனம். சூடாக்கும், அவ்வளவுதான். ஸ்விட்ச் நின்றதும் அலையும் நின்றுவிடும். சோற்றிலோ குழம்பிலோ எதுவும் தங்காது. கதவுக் கண்ணாடியில் சல்லடை போல ஒரு தகடு தெரிகிறதே, அதுதான் காவல். அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அந்தச் சின்னஞ்சிறு துளைகள் வழியே அது வெளியே வர முடியாது. வெளிச்சம் மட்டும் வரும். ஆகவே கவனிக்க வேண்டியது கதவைத்தான். கதவு சரியாக மூடாவிட்டால், வளைந்திருந்தால், சல்லடை கிழிந்திருந்தால் உபயோகிக்கவே கூடாது. நம் ஊர் உப்புக்காற்றில் உள்ளே துருப்பிடித்துப் பெயிண்ட் உரிந்தாலும் தீப்பொறி பறக்கும். உடனே காட்டிச் சரிசெய்ய வேண்டும். மூடியைக் கழற்றும் வேலையை வீட்டில் யாரும் செய்ய வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கலாம்.

பேத்தியின் பால்

ஆறு மாத லீவு முடிந்து மகள் வேலைக்குக் கிளம்பினாள். தாய்ப்பாலைப் பிழிந்து கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் பிள்ளை பசியில் வீரிட்டது. வெந்நீர் போட்டு அதில் பாட்டிலை வைக்கப் பொறுமையில்லாமல், நான் அதை மைக்ரோவேவில் அரை நிமிஷம் வைத்தேன். தொட்டுப் பார்த்தேன். பாட்டில் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பாலாடையில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோகும்போது மாமியார் என் கையைப் பிடித்தார். பழைய வழக்கப்படி ஒரு சொட்டைத் தன் மணிக்கட்டில் விட்டார்.

"எக்க மக்ளே, கை வெந்து போச்சு! இதையா பிள்ளைக்குக் குடுக்கப் போற?"

எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. காரணம் பிறகுதான் புரிந்தது. அலை கண்ணாடியைச் சுட வைக்காது, பாலைத்தான் சுட வைக்கும். பாலிலும் ஓரிடம் கொதிக்கும், ஓரிடம் குளிர்ந்திருக்கும். வெளியே தொட்டுப் பார்த்து எதுவும் தெரியாது. அடுப்பில் சுட வைக்கும்போது பாத்திரமே நமக்கு எச்சரிக்கை தருகிறது. இங்கே அந்த எச்சரிக்கை இல்லை.

ஆகவே தாய்ப்பாலோ மாவுப்பாலோ, குழந்தையின் பாலை இந்த அடுப்பில் வைக்கவே வேண்டாம். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி, மெல்லச் சுழற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். குழந்தைக்குக் கூழ், பருப்புச் சாதம் சுட வைத்தாலும் நன்றாகக் கிளறி, நீங்கள் ருசி பார்த்த பிறகே ஊட்டுங்கள்.

வைக்கலாமா, கூடாதா?

எவர்சில்வர், அலுமினியம், ஜரிகைக்கரை போட்ட தட்டு – கூடாது. பொறி பறக்கும். பூச்சில்லாத மண்சட்டியும் வேண்டாம். அது குடித்திருக்கும் தண்ணீர் சூடாகிச் சட்டி விரியலாம். கடையில் சாம்பார் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையும் டப்பாவும் வேண்டாம். கண்ணாடி, பீங்கான் நல்லது.

முட்டையை ஓட்டோடு வைக்கக் கூடாது. நான் வைத்து, அது வெடித்து, அரை நாள் சுவரைத் துடைத்தேன்! வெறும் தண்ணீரை அதிக நேரம் வைத்தால், கொதிக்காதது போல நின்று, காப்பித்தூள் போட்டதும் பொங்கி முகத்தில் தெறிக்கும். தண்ணீரில் ஒரு மரக்குச்சியைப் போட்டு வையுங்கள்; கொஞ்ச நேரம் ஆறவிட்டு எடுங்கள்.

மரச்சீனிக்கிழங்கை இதில் அவிக்க வேண்டாம். அதிலுள்ள விஷச் சத்து போக, நிறையத் தண்ணீரில் வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும். வெந்த கிழங்கைச் சூடுபடுத்த மட்டும் இது உதவும்.

மிஞ்சிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே நெடுநேரம் கிடந்த சோற்றில் கிருமி உண்டாக்கும் விஷம், எவ்வளவு சுட வைத்தாலும் போகாது.

பப்படத்தில் எண்ணெய் தடவி முக்கால் நிமிஷம் வைத்தால் பொரிந்துவிடும். வாடிய கறிவேப்பிலை ஒன்றிரண்டு நிமிஷத்தில் மொறுமொறுப்பாகும். பொடி செய்ய நல்லது. அவியலுக்குக் காயை இதில் அரைவேக்காடாக்கிக் கொள்ளலாம். தாளிப்பு மட்டும் நடக்காது.

கரண்டுச் செலவு பயப்படும்படி இல்லை. 1,200 வாட் இழுக்கும் அடுப்பு ஐந்து நிமிஷம் ஓடினால் யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் எர்த் உள்ள 16 ஆம்பியர் பிளக் கட்டாயம் வேண்டும்.

இன்று எங்கள் வீட்டில் பப்படம் பொரிப்பது மாமியாரின் வேலை. பட்டனை அமுக்கிவிட்டுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு நிற்பார். மீன்கறி இன்றும் மண்சட்டியில்தான் கொதிக்கிறது. பேத்தியின் பால் வெந்நீரில்தான் சூடாகிறது. மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் அது அவள் வாய்க்குப் போவதில்லை.