துப்பாக்கியும் தோட்டத்து வீடும்

சேலத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையே, மல்லசமுத்திரத்தைச் சூழ்ந்துள்ள பூமி மேட்டு நிலப் பூமி. இங்கே ஊர் முழுவதும் ஒரே இடத்தில் கூடியிருப்பதில்லை. தறி ஓடும் தெருக்கள் ஒரு பக்கம்; ஊரை விட்டு அரை மைல், ஒரு மைல் தள்ளிக் கிணற்றையும் தென்னையையும் மாட்டுப் பட்டியையும் அண்டித் தனித்து நிற்கும் தோட்டத்துச் சாளைகள் மற்றொரு பக்கம். பிள்ளைகள் பெங்களூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். சாளையில் வயதான தாயும் தகப்பனும் ஒரு நாயும் இருக்கிறார்கள். பருத்தி விற்ற பணம் வீட்டுக்கு வந்த இரவில் அவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்த அச்சம் காரணமற்றதன்று. 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த சேமலைக்கவுண்டன்பாளையத்தில், தோட்டத்து வீடொன்றில் முதிய தம்பதியரும் அவர்களுடைய மகனும் ஒரே இரவில் கொலையுண்டனர். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரிப் பக்கத்தில் இன்னொரு முதிய தம்பதியர் அவ்விதமே மாண்ட செய்தி வந்தது. கொங்கு நாடு கலங்கிற்று. தோட்டத்து வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்தால் இக்கதி நேருமா என்ற கேள்வி சந்தையிலும் திண்ணையிலும் எழுந்தது.

இக்கேள்வியை ஏளனம் செய்வது நமது நோக்கமன்று. உயிருக்கு அஞ்சுகிறவனுக்கு அறிவுரை கூறுவது எளிது. அவன் வீட்டில் ஓர் இரவு படுத்திருப்பது கடினம். எனினும், ஒரு கருவியைக் கேட்கும் முன் அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று அறிவது நல்லதல்லவா?

உரிமையும் உரிமமும்

நம் நாட்டில் ஆயுதத்துக்கும் சுயமரியாதைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1878-ஆம் வருஷம் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியனை உரிமம் கேட்டு நிற்கச் செய்தது. வெள்ளையருக்கு விலக்கு அளித்தது. இந்த அவமானத்தை நினைத்தே, 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையையும் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் ஸ்ரீ காமத் அதை மீண்டும் எழுப்பினார், சபை ஏற்கவில்லை. பிறகு 1959-இல் இயற்றப்பெற்று 1962-இல் அமலுக்கு வந்த ஆயுதச் சட்டமே இன்றும் நடக்கிறது. ஆகவே, சுதந்திர இந்தியாவில் துப்பாக்கி உரிமையன்று. காரணம் காட்டிப் பெற வேண்டிய உரிமம்.

காந்தியடிகளின் பெயரைச் சொல்லி ஆயுதப் பேச்சையே அடக்கிவிடப் பார்ப்பவர்களும் உண்டு. 1925-இல் ராஜாஜி புதுப்பாளையத்தில் நிறுவிய காந்தி ஆசிரமத்துக்கு அண்மையில் வாழும் நாம் ஒன்றை மறக்கலாகாது. கோழைத்தனத்துக்கும் பலாத்காரத்துக்கும் இடையேதான் தேர்வு என்றால் பலாத்காரத்தையே சிபாரிசு செய்வதாக 1920-இல் எழுதியவர் அவர். 1908-இல் தாம் தாக்கப்பட்டபோது மூத்த மகன் அருகில் இருந்திருந்தால், பலத்தைக் கொண்டேனும் தந்தையைக் காப்பது அவன் கடமையாயிருக்கும் என்பதும் அவர் கூறியதே. அஹிம்சை அஞ்சாதவனுடைய ஆயுதம். ஆகவே நம் முன் உள்ள கேள்வி, தற்காத்துக்கொள்ளலாமா என்பதன்று. எதைக் கொண்டு, எவ்விதம் என்பதே.

குண்டு பட்டவன் விழுவானா?

சினிமாவில் ஒரு வெடி வெடித்ததும் வில்லன் சுருண்டு விழுகிறான். மெய்யான உலகில் அவ்விதம் நடப்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்த உண்மையைப் பற்றிய பெரிய வாதம் ஒன்று நமது நாட்டிலேயே தொடங்கியது. 1895-இல் சித்ரால் படையெடுப்பின்போது, புதிய சிறிய துப்பாக்கிக் குண்டு உடலைத் துளைத்துச் சென்றும் எல்லைப்புற மக்கள் நிற்காமல் பாய்ந்து வந்தார்கள் என்று பிரிட்டிஷ் சோல்ஜர்கள் குறை கூறினார்கள். அதன் விளைவாகக் கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில், உடலுக்குள் சென்றதும் நுனி விரிந்து பெரும் புண் செய்யும் குண்டு தயாரிக்கப்பட்டது. ஹேக் நகரில் 1899-இல் கூடிய மகாநாடு இதனை யுத்தத்தில் விலக்கியது. பிரிட்டன் அந்த விலக்கை ஏற்க 1907 வரை ஆயிற்று. சொந்த மண்ணுக்காகப் போராடியவர்களை நிறுத்துவதற்காகவே அந்தக் குண்டு பிறந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

அமெரிக்கருக்கும் பிலிப்பைன்ஸ் தீவுகளில் இதே அனுபவம் உண்டாயிற்று. 1904-இல் தாம்ஸன், லாகார்டு என்ற இரு ராணுவ அதிகாரிகள் சிகாகோ நகரத்து மாட்டுத் தொழுவங்களில் குண்டுகளைப் பரீட்சித்தார்கள். பெரிய குண்டே வேண்டுமென்று முடிவு கட்டினார்கள். ஆனால் பெரிய குண்டும் மந்திரக்கோலன்று.

1986 ஏப்ரல் 11-ஆம் தேதி மியாமி நகரில் நடந்தது இதற்குச் சான்று. எப்.பி.ஐ. என்ற அமெரிக்கப் புலனாய்வு இலாகாவைச் சேர்ந்த எட்டு பேர் இரண்டு கொள்ளைக்காரர்களை மறித்தார்கள். ஆரம்பத்திலேயே ஒருவனுடைய கையைத் துளைத்து மார்புக்குள் சென்ற குண்டு, இதயத்துக்குச் சற்று முன்னே நின்றுவிட்டது. உயிர் பிழைக்க முடியாத அந்தக் காயத்துடனேயே அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு அதிகாரிகள் மாண்டார்கள்; ஐவர் காயமுற்றார்கள். அவன் உடலில் பன்னிரண்டு காயங்கள் இருந்தன.

அந்த இலாகா 1989-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, விஷயத்தைத் தெளிவாக்கியது. மூளையோ தண்டுவடத்தின் மேற்பகுதியோ தாக்கப்பட்டால் மட்டுமே மனிதன் அக்கணமே செயலற்றுப் போவான். மற்றபடி ரத்தம் வடிந்துதான் சோர வேண்டும். இதயமே சிதைந்தாலும், மூளையில் மிஞ்சியுள்ள பிராணவாயு பத்துப் பதினைந்து வினாடிகளுக்கு அவனை இயக்கும். அரிவாள் ஏந்தியவனுக்குப் பத்து வினாடி எவ்வளவு நீண்ட காலம் என்று எண்ணிப் பாருங்கள்! சிலர் சிறு காயம் பட்டதும் பயந்து விழுகிறார்கள் என்பதும் உண்மையே. ஆனால் அது எதிரியின் மனத்தைப் பொறுத்தது. அதை நம்பிக் காரியம் செய்ய முடியாது.

இருபத்தோரு அடி

தூரத்தையும் கணக்கிட வேண்டும். சால்ட் லேக் நகரத்துப் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் டியூலர் 1983-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். கத்தி ஏந்திய சாதாரண மனிதன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுகிறான். உறையிலுள்ள துப்பாக்கியை எடுத்துச் சுடப் பழகியவனுக்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே தேவைப்படுகிறது. நமது சாளையின் வாசலுக்கும் களத்துக்கும் இடையே இருபத்தோரு அடிகூட இருப்பதில்லை. துப்பாக்கி இடுப்பிலும் இல்லை, பெட்டிக்குள் இருக்கிறது, சாவி வேறோர் இடத்தில் இருக்கிறது, நேரமோ இரவு இரண்டு மணி, கண்ணாடி தலைமாட்டில் தட்டுப்படவில்லை. எழுபது வயதுக் கவுண்டர் என்ன செய்வார்?

துப்பாக்கியைத் தலையணையடியில் வைத்தால் ஒரு துன்பம், பூட்டி வைத்தால் மற்றொரு துன்பம். முதலாவதில் விடுமுறைக்கு வந்த பேரன் எடுத்து விளையாடுகிறான். இரண்டாவதில் வேண்டிய நேரத்தில் கைக்கு வருவதில்லை. ஆளில்லாத வேளையில் திருடனுக்கு நகையைவிடத் துப்பாக்கியே பெரிய பொருள். மலையோரத்தில் பயிர்க் காவலுக்கு வைத்திருக்கும் நாட்டுத் துப்பாக்கியோ, மருந்து கெட்டித்து ஒருமுறை வெடித்தால் பிறகு வெறும் இரும்புத் தடி.

2012 டிசம்பரில் டில்லியில் நேர்ந்த கொடுமைக்குப் பின்னர், கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014-இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரை வெளியிட்டது. எடை அரைக் கிலோ. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். எத்தனை குடும்பங்களுக்கு இது எட்டும்? வாங்கியவளும் பயிலாவிட்டால் கைப்பையில் ஒரு பாரமே கூடியதாகும்.

கற்க வேண்டியது

2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள் உரிமம் கோருகிறவர் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற சான்றைக் கேட்கின்றன. இது சடங்காகிவிடலாகாது. பயிற்சியின் முதல் பாடம் குறி வைப்பதன்று, நான்கு கட்டுப்பாடுகள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருது. அழிக்க விரும்பாத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பாதே. குறி பார்க்கும் வரை விசையில் விரல் வைக்காதே. குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்த பிறகே சுடு. கடைசி விதியை நன்கு கவனியுங்கள். இருட்டில் வாசலில் அசைவது திருடனா, பேருந்து தவறி நேரங்கழித்து வந்த மகனா? ஓட்டுச் சுவருக்கு அப்பால் படுத்திருப்பது யார்? கை நடுங்கும்போதும் இவற்றைக் கேட்கப் பழகுவதே பயிற்சி. அது ஒரு நாளில் வருவதன்று. வந்தாலும் பழகாவிட்டால் நிலைப்பதன்று.

சட்டம் எங்கே நிற்கிறது

சட்டம் கோழைத்தனத்தைக் கேட்கவில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலும், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலும் உள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. உயிருக்கோ, கொடுங்காயத்துக்கோ, பெண்ணின் மானத்துக்கோ நியாயமான அச்சம் எழுந்தால் எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் எதிர்க்கலாம். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யலாகாது; உயிருக்கான அச்சம் நீங்கியதும் அந்த உரிமையும் நீங்கும். திரும்பி ஓடுகிறவன் முதுகில் சுடுவது தற்காப்பன்று, பழிவாங்கல். தற்காப்பின் நோக்கம் நிறுத்துவதே, கொல்வதன்று.

பஞ்சாபில் நிலத் தகராறு ஒன்றில் தகப்பனாரை வெட்டியவனை, உரிமம் பெற்ற துப்பாக்கியால் மகன் சுட்டான். விசாரணைக் கோர்ட்டு விடுவித்தது, ஹைகோர்ட்டு தண்டித்தது, 2010-இல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆபத்தில் இருப்பவன் ஒவ்வோர் அடியையும் தராசில் நிறுத்து அடிக்க முடியாது என்பதை நீதிபதிகள் உணர்ந்தார்கள். ஆயினும் சம்பவத்திலிருந்து அந்தத் தீர்ப்பு வர ஏறத்தாழ 19 வருஷங்கள் ஆயின. வெடித்தது ஒரு வினாடி; வழக்கு அரை ஆயுள்!

இதற்கு எதிராக மதுரையில் 2012-இல் நடந்ததையும் கூற வேண்டும். சொந்த மகளையே கெடுக்க முயன்ற கணவனை, ஒரு தாய் கையில் கிடைத்த கிரிக்கெட் மட்டையால் அடித்தாள். அவன் இறந்தான். தற்காப்புப் பிரிவைக் காட்டிப் போலீஸார் அவளை விடுவித்தார்கள். அங்கே துப்பாக்கி இல்லை. துணிவு இருந்தது; காக்க வேண்டியது கண்முன் இருந்தது.

செய்யத் தக்கது

உரிமம் கேட்பவர் கேட்கட்டும். ஆனால் பயிற்சிக்கு நாள் ஒதுக்க முடியாதவர் துப்பாக்கிக்குப் பணம் ஒதுக்க வேண்டாம். மற்றவர்க்கு அதனினும் உறுதியான காவல் உண்டு. எதிரியைத் தூரத்தில் அறிவதும், கதவருகில் தாமதப்படுத்துவதும், உதவியை அழைப்பதும் எந்தக் குண்டையும்விடப் பயன் தருவன. களத்தில் விளக்கு, இரட்டைத் தாழ்ப்பாள், குரைக்கும் நாய், பணத்தை வங்கியில் வைக்கும் பழக்கம், 112 என்ற எண்ணை அழுத்தத் தெரிந்த விரல், இவை எளியவை. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்துச் சாளைக்காரனுடன் பேச்சுவார்த்தை வேண்டும். வரப்புத் தகராறில் பத்து வருஷம் பேசாதிருந்தவன், நள்ளிரவில் நாம் கூப்பிட்டால் எப்படி ஓடி வருவான்?

ரோந்து வர வேண்டியது சர்க்காரின் கடமை. அதை வற்புறுத்துவது நமது கடமை. கூப்பிட்ட குரலுக்கு நாலு விளக்குகள் எரியும் ஊரில் திருடன் இருபத்தோரு அடிக்குள் வருவது அரிது.