சிங்கத்தின் கண்ணீர்

சர்க்கஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலர்க்கு நினைவில் எழுவது கோமாளி அன்று, சிங்கந்தான். வீரபாண்டித் திருவிழாவுக்கு பஸ் ஏறிப் போய் சர்க்கஸ் பார்த்த கதையை எங்கள் தேவதானப்பட்டிப் பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. "சாட்டைக்குப் பயந்து சிங்கம் அழுதுச்சுப்பா" என்பார் என் தாத்தா. "அதெல்லாம் இல்ல, வளர்த்தவன் மேல உள்ள பாசம்" என்பார் பாட்டி. சிங்கத்தின் கண்ணில் நீர் இருந்தது என்பது இருவரும் கண்டது. அச்சமும் பாசமும் அவரவர் மனம் சேர்த்தவை.

விலங்கு வாய் திறந்து மறுக்காது. ஆகவே சர்க்கஸ் விலங்கு வரலாற்றில் உண்மையும் கருத்தும் பின்னிக் கிடப்பது போல் வேறெங்கும் கிடப்பதில்லை எனலாம்.

ஜம்போ என்ற ஆப்பிரிக்க யானையையே எடுத்துக்கொள்வோம். 1882இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து அமெரிக்க சர்க்கஸ் முதலாளி பார்னம் அதனை விலைக்கு வாங்கினார். 1885 செப்டம்பர் 15இல் கனடாவின் செயின்ட் தாமஸ் என்ற ஊரில் ரயில் மோதி அது இறந்தது. உடனிருந்த டாம் தம்ப் என்ற சிறு யானையின் கால் முறிந்தது. இவை உண்மைகள். குட்டியைத் தள்ளிவிட்டு ஜம்போ தன்னுயிர் ஈந்தது என்பதோ பார்னம் பரப்பிய கதை. அதன் தோலையும் எலும்புக்கூட்டையும் பின்னர் ஊர் ஊராகக் காட்டிக் காசு பார்த்தவரும் அவரே! சொன்னவர் யார், சொன்னதால் அவர்க்கு வந்த ஆதாயம் என்ன என்று கேட்க வேண்டிய இடம் இது.

நம் நாட்டிற்கு வருவோம். விஷ்ணுபந்த் சத்ரே 1880இல் பம்பாயில் முதல் இந்திய சர்க்கஸை நடத்தினார். அவர் குதிரையேற்றத்தில் வல்லவர். பின்னர் தலைச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் பலரைப் பயிற்றுவித்தார். அவ்வழி வளர்ந்த தொழிலில் விலங்குகளுக்கு முட்டுக்கட்டை விழுந்தது 1998 அக்டோபர் 14ஆம் நாள் மத்திய அரசு அறிவிப்பால். கேரள உயர்நீதிமன்றம் 2000இலும், உச்சநீதிமன்றம் 2001இலும் அதனை ஏற்றன.

"சர்க்கஸில் விலங்குகளையே தடை செய்துவிட்டார்கள்" என்று அப்போது பேசப்பட்டது. அறிவிப்பைப் படித்தால் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் என்ற ஐந்து பெயர்களே காணப்படும். யானையும் குதிரையும் அதில் இல்லை. இது சரிபார்க்கக்கூடிய கூற்று, சரிபார்த்தால் தவறு. "பிள்ளை போல் வளர்த்தோம்" என்று முதலாளி சொல்வதும், "பழக்குவதே சித்திரவதை" என்று விலங்கு நேயர் சொல்வதும் அவ்வகையின அல்ல. கூண்டின் அளவையும் பயண நாட்களையும் தீவனத்தையும் கணக்கிட்ட பிறகே எதன் பக்கம் வலு மிகுதி என்று கூற இயலும். கருத்து என்பதால் தள்ளிவிடத் தக்கதன்று. ஆதாரம் கேட்கத் தக்கது, அவ்வளவே.

இதிலே நம் மாவட்டத்தாருக்கு ஒரு பங்குண்டு. அதே பட்டியலில் 2011 ஜூலையில் 'காளை' என்ற ஒரு சொல் சேர்க்கப்பட்டது. அச்சொல்லை அடியொற்றியே 2014 மே 7இல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் வாடிவாசல் மூடிக் கிடந்தது. 2017இல் மாணவர் எழுச்சிக்குப் பின் தமிழக அரசு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்திருத்தம் செல்லும் என்றது. மெரினாவில் நின்ற எத்தனை பேர்க்குத் தடையின் வேர் ஒரு சர்க்கஸ் பட்டியலில் இருந்தது தெரியும்? எனக்கும் இக்கட்டுரைக்காகத் தேடும்வரை தெரியாது.

தாத்தாவிடம் இதைச் சொன்னேன். "நம்ம மாடு எந்தக் கூடாரத்துலப்பா ஆடுச்சு?" என்று கேட்டார். அறிவிப்பு பேசுவது கூடாரத்தைப் பற்றியன்று, காட்சிக்காகப் பழக்குவதைப் பற்றி என்றேன். நெடுநேரம் யோசித்தார். பாட்டி மட்டும் சிங்கத்தின் பாசத்தை விட்டுக்கொடுக்கவில்லை.